சப்ளை லாரிக்கு ரேடியோ ஏன் கடைசியாக வருகிறது? (இராக், 2003 மார்ச் 23)

கரிசல்மண்:

நண்பர்களே, ராணுவத் தளவாடம் (படைக்கு வேண்டியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை) என்றாலே நம் பேச்சு டேங்க் எத்தனை, குண்டு எத்தனை டன், ஒரு நாளைக்கு டீசல் எவ்வளவு என்பதிலேயே சுற்றுகிறது. அந்த டீசலை ஏற்றிக்கொண்டு போகிற லாரியில் என்ன ரேடியோ செட் இருந்தது, வழி தவறினால் அந்த டிரைவர் யாரைக் கூப்பிட முடியும், முன்னால் பாலம் போய்விட்டது என்றால் அவருக்கு யார் சொல்வார்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு. இந்த இழையை அதற்காகத்தான் ஆரம்பிக்கிறேன்.

2003 மார்ச் 23-ஐ எடுத்துக்கொள்கிறேன். இராக்குக்குள் அமெரிக்கத் தரைப்படை நுழைந்து நாலாவது நாள். அன்றைக்கு நடந்த இரண்டு சம்பவங்களைத் தனித்தனியாக எல்லோருக்கும் தெரியும், சேர்த்துவைத்துப் படித்தவர்கள் அதிகம் இல்லை.

முதலாவது, அதிகாலையில். குவைத்தில் உள்ள அலி அல் சலேம் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ போர் விமானத்தை அமெரிக்க பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணை பேட்டரி (இங்கே பேட்டரி என்றால் ஏவுகணைகளை இயக்கும் படைப்பிரிவு) சுட்டு வீழ்த்தியது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். பிரிட்டிஷ் விசாரணைக் குழு பல காரணங்களைச் சொன்னது: விமானத்தின் அடையாளக் கருவி வேலை செய்யவில்லை, பேட்ரியாட் கணினி அதை ரேடாரைத் தேடி வரும் ஏவுகணை என்று வகைப்படுத்தியது, அந்த வகைப்பாட்டு விதிகள் மிகவும் அகலமாக இருந்தன, இப்படி. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த பேட்டரிக்கு உரிய தொடர்புக் கருவிகள் அமெரிக்காவிலிருந்து இன்னும் வந்து சேரவே இல்லை, வழியில் இருந்தன. பக்கத்து பேட்டரி வழியாக ரேடியோ ரிலே வைத்துத்தான் பட்டாலியன் தலைமையகத்தோடு தொடர்பு. வான்வெளியில் யார் எங்கே பறக்கிறார்கள் என்ற முழுப்படம் அவர்கள் திரையில் இல்லை.

இரண்டாவது, அதே நாள் காலை ஏழு மணி வாக்கில், நாசிரியா நகரத்தில். 507-ஆவது பராமரிப்புக் கம்பெனி என்ற அமெரிக்கப் படைப்பிரிவு. இவர்களும் பேட்ரியாட் பிரிவோடு சேர்ந்தவர்கள்தான், பழுது பார்ப்பவர்கள், சமையல்காரர்கள், ஸ்டோர் ஆட்கள். சுமார் 600 வண்டிகள் கொண்ட பெரிய கான்வாயின் (வண்டி வரிசையின்) வாலில் போனவர்கள், மணலில் வண்டிகள் புதைந்து புதைந்து பின்தங்கிவிட்டார்கள். முன்னே போன கூட்டம் நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பாதைக்குத் திரும்பிவிட்டது. இவர்கள் 18 வண்டிகளில் 33 பேர், அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டு நேராக நகரத்துக்குள் போய்விட்டார்கள். யூப்ரடீஸ் ஆற்றைத் தாண்டி, வாய்க்காலையும் தாண்டி, தவறு தெரிந்து வண்டிகளைத் திருப்பிக்கொண்டு வரும்போது அடி விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். கையடக்க ரேடியோக்களின் பேட்டரி பெரும்பாலும் தீர்ந்துபோயிருந்தது. கான்வாயின் முன்பகுதியோ ரேடியோ எட்டும் தூரத்தில் இல்லை.

முதல் சம்பவத்தில் தளவாடம் தாமதமானதால் தொடர்பு இல்லை. இரண்டாவதில் தொடர்பு இல்லாததால் தளவாடப் பிரிவே சிக்கிச் சிதறியது. இரண்டையும் வேறு வேறு துறையாகப் பிரித்துவைத்துப் பேசுவது தப்பு என்பது என் வாதம். ரேடியோவும் தரவு இணைப்பும் சண்டைப் பிரிவுக்கு முதலில், சப்ளைக்காரனுக்கு மிச்சம் இருந்தால், என்ற பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அது மாற வேண்டும்.

துறைமுகத்தான்:

நல்ல தலைப்பு எடுத்தீர்கள் அண்ணே. நான் தூத்துக்குடியில் கன்டெய்னர் யார்டு வேலையில் இருப்பவன், ராணுவ ஆள் இல்லை. ஆனால் 1991 வளைகுடாப் போர்க் கதையைப் படித்தபோது வயிறு கலங்கியது, ஏனென்றால் அது எங்கள் தொழில் கதை.

அந்தப் போரில் சவூதிக்கு வந்து இறங்கிய கன்டெய்னர்கள் சுமார் 40,000. அதில் பாதிக்கு மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டுமே திறக்க வேண்டியிருந்தது. இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு கன்டெய்னரைத் திறந்து பார்ப்பது என்றால் என்ன வேலை என்று சொல்கிறேன். சீல் நம்பரைப் பேப்பரோடு ஒத்துப் பார்த்து வெட்ட வேண்டும். கதவைத் திறந்தால் சரக்கு சாய்ந்து விழலாம், அதனால் ஒரு கதவை மட்டும் மெதுவாக. பத்துப் பேருடைய சரக்கை ஒன்றாக அடைத்த பெட்டி என்றால், உங்களுக்கு வேண்டியது எப்போதும் கடைசிக் கோடியில்தான் இருக்கும். முன்னால் இருக்கிற அத்தனையையும் ஃபோர்க்லிஃப்டில் இறக்கி, டாலி ஷீட்டில் ஒவ்வொன்றாக எழுதி, பேக்கிங் லிஸ்ட் கிழிந்திருந்தால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற லேபிளைப் பார்த்து ஊகித்து, வேண்டியதை எடுத்த பிறகு மிச்சத்தைத் திரும்ப அடைத்து, புது சீல் போட்டு, புது லிஸ்ட் எழுத வேண்டும். இத்தனையும் பாலைவன வெயிலில், தெரியாத துறைமுகத்தில், நேற்று வந்து இறங்கிய ஆட்களை வைத்து. இருபதாயிரம் பெட்டிக்கும் மேல்.

இதில் இன்னொரு கெடுதல் உண்டு. கேட்ட சாமான் வரவில்லை என்றால் முன்னால் இருப்பவன் சும்மா இருக்க மாட்டான், மறுபடியும் கேட்பான். மூன்றாவது முறையும் கேட்பான். மூன்றும் கப்பல் ஏறும். ஏற்கெனவே வந்து இறங்கி, யார்டில் எங்கோ கிடக்கிற பொருளுக்காக இன்னும் இரண்டு பெட்டி இடத்தை அடைக்கும். "இரும்பு மலை" என்று அவர்களே பெயர் வைத்த குவியல் வளர்ந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

தென்பெண்ணை:

கரிசல், 507 விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அவர்களுடைய தளபதியிடம் ஜி.பி.எஸ். இருந்தது, வரைபடம் இருந்தது. அவர் குறித்துவைத்திருந்த பாதையே நகரத்துக்குள் போகிற பாதை, மாற்றுப் பாதை அவர் வரைபடத்தில் குறிக்கப்படவில்லை. ஆட்கள் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அப்படியிருக்க ரேடியோ இல்லாததுதான் காரணம் என்பது எப்படி? உத்தரவு சரியாகப் போய்ச் சேராதது, களைப்பு, பயிற்சிக் குறைவு, இதெல்லாம்தானே முதலில் வருகிறது?

கரிசல்மண்:

தென்பெண்ணை, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் களைத்துப்போன ஒருவர் பாதை தவறுவது போரில் தினமும் நடக்கும். தவறிய பிறகு எத்தனை நிமிடத்தில் அது யாருக்காவது தெரிகிறது என்பதுதான் கேள்வி.

அதே போரில், அதே பாதையில், 3-ஆவது காலாட்படை டிவிஷனின் தளபதிகளுடைய வண்டிகளில் புளூ ஃபோர்ஸ் டிராக்கர் என்ற திரை இருந்தது. செயற்கைக்கோள் வழியாக நம்முடைய வண்டிகள் வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரியும், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளைப் போருக்கு முன் அவசரம் அவசரமாகப் பொருத்தினார்கள். யாருக்கு? சண்டைப் பிரிவுகளுக்கு, அவற்றின் தலைமையகங்களுக்கு. 507-ன் வண்டிகளில் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் ஒரு நீலப் புள்ளி கூட்டத்தை விட்டு நகரத்துக்குள் நுழைவதை யாராவது ஒருவர் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. "நில், திரும்பு" என்று இரண்டு வார்த்தை போதும். எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வாய்ப்பே அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை, என் கோபம் அதில்தான்.

பழைய_சிக்னல்:

ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். தொழில்நுட்பப் பக்கத்தைக் கொஞ்சம் சொன்னால் பேச்சு தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

தரைப்படை வண்டிகளில் வழக்கமாக இருப்பது வி.எச்.எஃப். செட். அமெரிக்கர்களுடைய சின்கார்ஸ் என்ற ரேடியோ 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். வண்டியில் பவர் ஆம்ப்ளிஃபையர் வைத்து, தட்டையான நிலத்தில், ஆன்டெனா நன்றாக இருந்தால் 35, 40 கிலோமீட்டர் என்பார்கள். நடுவில் மேடு வந்தால், கட்டிடம் வந்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஒரு சண்டைக் கம்பெனிக்கு இது போதும், அவர்கள் சில கிலோமீட்டருக்குள்தான் இருப்பார்கள். சப்ளைக்காரர்கள் கதை அப்படி இல்லையே. குவைத்திலிருந்து பாக்தாத் 500 கிலோமீட்டருக்கு மேல். லாரி ஓட்டத்தின் ஒரு முனை குவைத்திலும் மறு முனை இராக்கின் நஜஃப் நகரத்திலும் இருக்கிறது. ஆக நீண்ட தூரத் தொடர்பு யாருக்கு அதிகம் தேவை என்று பார்த்தால் சப்ளைக்குத்தான், கிடைத்ததோ குறுகிய தூர செட், அதுவும் சில வண்டிகளுக்கு.

நீண்ட தூரத்துக்கு அவர்களிடம் இருந்த முதுகெலும்பு 1980-களில் ஐரோப்பாவை மனதில் வைத்துக் கட்டிய டெலிபோன் வலைப்பின்னல். டவர் நட்டு, ஆன்டெனாவைத் திருப்பி, அடுத்த டவரோடு நேர்கோட்டில் கட்ட வேண்டும். நின்ற இடத்தில் அருமையாக வேலை செய்யும். ஒரு டிவிஷன் நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓடினால், இந்த டவர்கள் பின்னாலேயே நின்றுவிடும். அப்படித்தான் நின்றன. சப்ளை ஆட்கள் உதிரிபாகக் கோரிக்கையைக் கணினியில் தட்டி வைத்துக்கொண்டு அனுப்ப வழியில்லாமல் காத்திருந்தார்கள். சில இடங்களில் அந்தக் கோரிக்கை டிஸ்கில் ஏற்றப்பட்டு ஆள் கையில் போனது.

இன்னொன்று, தரவு இணைப்பு என்றதும் எல்லோரும் லிங்க் 16 பற்றிப் பேசுவார்கள். அது அருமையான ஏற்பாடு, நேரத்தை நொடிக்கு 128 துண்டாக வெட்டி ஒவ்வொரு விமானத்துக்கும் கப்பலுக்கும் ஏவுகணைப் பிரிவுக்கும் தன் முறை வரும்போது பேசவிடும். ரேடார் பார்த்ததை எல்லோருக்கும் பகிர அது. டீசல் லாரியின் கதையில் அதற்கு வேலை இல்லை. லாரிக்குத் தேவை மெதுவான, மலிவான, தூரம் எட்டுகிற ஒரு குறுஞ்செய்தி வசதி. இதைக் கொடுக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். செயற்கைக்கோள் வழியாக லாரியின் இடத்தைச் சொல்லி, டைப் அடித்த செய்தியும் அனுப்பும் கருவியை வணிகச் சந்தையிலிருந்தே எடுத்து அவர்கள் லாரிகளில் பொருத்த ஆரம்பித்திருந்தார்கள், 2003-இல் எண்ணிக்கைதான் போதவில்லை.

கடைசியாக ரேடியோவில் போடுகிற பேட்டரி. இதைத் தனியாக எழுத வேண்டும். பி.ஏ. 5590 என்று ஒரு லித்தியம் பேட்டரி, செங்கல் மாதிரி இருக்கும், ஒரு தடவை தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். முதுகில் சுமக்கிற ரேடியோ முதல் டேங்கைத் தாக்கும் ஜாவலின் ஏவுகணையின் குறிபார்க்கும் கருவி வரை இதில்தான் ஓடுகிறது. 2001-க்கு முன் மாதத்துக்கு 20,000-க்கும் குறைவாகச் செலவானது. 2003 ஏப்ரலில் தேவை 3,30,000-ஐத் தாண்டியது. தொழிற்சாலையால் ஈடுகொடுக்க முடியவில்லை, இருப்பு ஏறக்குறைய காலி. சண்டை இன்னும் கொஞ்சம் நீடித்திருந்தால் உலகத்திலேயே வலிமையான ராணுவத்தின் ரேடியோக்கள் பேட்டரி இல்லாமல் வாயடைத்திருக்கும். தொடர்பு என்பதே ஒரு சப்ளைப் பொருள், அதற்கு எடை உண்டு, அதுவும் லாரியில்தான் வர வேண்டும்.

தென்பெண்ணை:

பேட்டரி தகவல் புதிது சார். நன்றி. கையடக்க ரேடியோவின் பேட்டரி தீர்ந்தது என்று மேலே படித்தபோது அலட்சியம் என்று நினைத்துக் கடந்துபோனேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது.

வான்நோக்கி:

எல்லோரும் ஒரே பக்கம் போகிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். 2003-இல் எதிரியிடம் மின்னணுப் போர்க் கருவி என்று சொல்லும்படி எதுவும் இல்லை, வானம் முழுக்க அமெரிக்கக் கையில். இன்றைக்கு அது செல்லுமா? உக்ரைனைப் பாருங்கள். எது அலை விடுகிறதோ அது சாகிறது. 2023 புத்தாண்டு அன்று ரஷ்யர் பிடியில் இருந்த மகீவ்கா நகரத்தில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டிடத்தை உக்ரைனின் ஹைமார்ஸ் (அமெரிக்கா கொடுத்த ராக்கெட் ஏவி) தாக்கியது, ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகமே 89 பேர் இறந்ததாகச் சொல்லி, வீரர்கள் கைப்பேசி உபயோகித்ததுதான் முக்கியக் காரணம் என்றது. அது உண்மைக் காரணமா, மேலதிகாரிகளைக் காப்பாற்றச் சொன்னதா என்பது வேறு விவாதம், ஆனால் கைப்பேசி அலை இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதில் சந்தேகம் இல்லை.

ஒவ்வொரு லாரியிலும் ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்தால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுகிற கான்வாய், அலையில் வெளிச்சம் போட்டுக்கொண்டு ஓடும். 2022 ஜூனில் ஹைமார்ஸ் வந்த பிறகு ரஷ்யர்கள் வெடிமருந்துக் கிடங்குகளை முன்வரிசையிலிருந்து பின்னால் தள்ளி, சின்னச் சின்னதாகச் சிதறடிக்க வேண்டியதாயிற்று. பெரிய கிடங்கு, பெரிய கான்வாய், பெரிய வலைப்பின்னல் மூன்றுமே இலக்குதான். டிரைவருக்குத் திரை கொடுப்பதைவிடப் பாதையை முன்கூட்டியே நன்றாகச் சொல்லிக்கொடுத்து, சந்திப்பில் நம்பகமான ஒரு ஆளை நிறுத்துவது மேல்.

பழைய_சிக்னல்:

வான்நோக்கி தம்பி சொல்வது ஒதுக்கிவிடக்கூடிய வாதம் இல்லை. ஆனால் ஒரு செய்தியை வெளியே விடுவது வேறு, வாங்குவது வேறு. வாங்கும் கருவி அலையை வெளியே விடாது. "பாலம் அடைப்பு, மாற்றுப் பாதை இது" என்று மேலிருந்து வரும் செய்தியை எல்லா லாரியும் மௌனமாகக் கேட்கலாம். பதில் சொல்வதை நொடியின் ஒரு பகுதியில் முடிகிற மாதிரி சுருக்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அனுப்பலாம், ஆபத்தான இடத்தில் அதையும் நிறுத்தலாம். குரலில் அரை நிமிடம் பேசுவதோடு ஒப்பிட்டால் இது எதிரிக்குப் பிடிபடுவது கடினம். செட் இல்லாத டிரைவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள், பாக்கெட்டிலிருக்கும் சொந்தக் கைப்பேசியை எடுப்பார். மகீவ்கா உதாரணத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன், நல்ல கருவியும் கட்டுப்பாடும் கொடுக்காத இடத்தில் கெட்ட கருவி தானாக நுழைகிறது.

சந்திப்பில் ஆளை நிறுத்துவது பற்றிச் சொன்னீர்களே, அதில் முழுச் சம்மதம். எந்தத் திரையும் அந்த ஆளுக்கு ஈடில்லை.

ஏ.எஸ்.சி_வேலூர்:

படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். நான் இந்திய ராணுவத்தின் சப்ளைப் பிரிவான ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவராகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். லடாக்கில் வேலை செய்திருக்கிறேன்.

அங்கே சப்ளை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: ஸோஜி லா கணவாய் 3,528 மீட்டர் உயரத்தில், பனிக்காலத்தில் மூடிவிடும். மணாலி பக்கம் ரோத்தாங் கணவாய்க்கு அடியில் 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தார்கள், ஆனால் அதைத் தாண்டி பாரலாச்சா லா, தங்லங் லா எல்லாம் இன்னும் திறந்த வானத்தின் கீழ்தான். அதனால் பனிக்காலத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மாவு, மண்ணெண்ணெய், டீசல், குண்டு, மருந்து, தகரக் கொட்டகைக்கான சாமான் அத்தனையும் கோடை மாதங்களிலேயே மேலே ஏற்றி அடுக்க வேண்டும். இதற்குத்தான் விண்டர் ஸ்டாக்கிங் என்று பெயர். மூடிய பிறகு விமானத்தில் கொண்டு வருவது எல்லாம் விலை அதிகம், வானிலை ஒத்துழைக்க வேண்டும்.

நான் ஓட்டிய காலத்தில் கான்வாயின் முதல் வண்டியில் ஒரு செட், கடைசி வண்டியில் ஒரு செட். நடுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம்தான் ரேடியோ. ஒரு வளைவு தாண்டினால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே மலை, சிக்னல் சார் சொன்ன நேர்கோடு அங்கே போச்சு. நடுவில் ஒரு வண்டி நின்றால் பின்னால் இருப்பவர் இறங்கி நடந்து போய்ப் பார்ப்பார். அந்த உயரத்தில் ஐம்பது அடி வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். காற்றில் ஆக்சிஜன் குறைவு, இன்ஜினுக்கும் குறைவு, ஏற்றத்தில் வண்டி முனகும். டீசல் குளிரில் இறுகி ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அப்படி ஒரு வண்டி நின்றுவிட்டது, முன்னால் போனவர்களுக்குத் தெரியாது, அவர்கள் டிரான்சிட் கேம்ப் போய்ச் சேர்ந்து ரோல் கால் எடுக்கும்போதுதான் எண்ணிக்கை குறைகிறது. வான்நோக்கி தம்பி, சந்திப்பில் ஆளை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன், டிராஃபிக் கன்ட்ரோல் போஸ்ட் என்போம், ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் நோட்டில் எழுதுவார். உயிரைக் காப்பாற்றுகிற நோட்டு அது. ஆனால் இரண்டு போஸ்ட்டுக்கு நடுவே வண்டி நின்றால், அந்த நோட்டு அடுத்த போஸ்ட்டோடு பேசினால்தான் பிரயோஜனம். அந்தப் பேச்சுக்கு ஒரு கம்பியோ ரேடியோவோ வேண்டும்.

எங்களை யாரும் சண்டைக்காரர்கள் என்று எண்ணுவதில்லை. ஆனால் மேலே போஸ்ட்டில் இருக்கிற ஜவான் ஜெரிகேனைத் தட்டிப் பார்த்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கும்போது, அவர் தட்டுவது எங்கள் வேலையை.

கரிசல்மண்:

வேலூர் அண்ணே, எழுதியதற்கு மிகவும் நன்றி. தயவுசெய்து தொடர்ந்து எழுதுங்கள். போஸ்ட்டுகள் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும் என்று நீங்கள் சொன்னது நாசிரியாவுக்கும் அப்படியே பொருந்துகிறது.

துறைமுகத்தான்:

ஆர்.எஃப்.ஐ.டி. (ரேடியோ அலையால் படிக்கிற அடையாள டேக்) பற்றி யாரும் தொடவில்லையே, அதையும் சொல்லிவிடுகிறேன். 1991-க்குப் பிறகு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த தீர்வு அதுதான். பேட்டரியுள்ள டேக் ஒன்றை கன்டெய்னரில் மாட்டி, உள்ளே இருக்கிற பட்டியலை அதிலேயே ஏற்றிவிடுவது. கேட்டில் வைத்திருக்கிற ரீடர் தூரத்திலிருந்தே படிக்கும். 1995-96 பாஸ்னியாவிலேயே உபயோகித்துப் பார்த்தார்கள். சரி, 2003-இல் ஏன் மறுபடியும் குவைத்தில் நூற்றுக்கணக்கான பேலட்டுகள் (சரக்கு அடுக்கிய பலகைகள்) தேங்கின?

என் அனுபவத்தில் சொல்கிறேன், டேக் தானாக எதையும் அறியாது. பெட்டியை அடைக்கிற இடத்தில் ஒருவர் உட்கார்ந்து சரியான பட்டியலை ஏற்ற வேண்டும். போர் அவசரத்தில் கிளம்பிய பெட்டிகளில் பலவற்றில் டேக் இல்லை, இருந்தவற்றிலும் விவரம் அரைகுறை. அதைவிட மோசம், பல பிரிவுகளுக்கான சாமானை ஒரே பேலட்டில் கலந்து அடைத்து அனுப்பினார்கள். அமெரிக்காவில் விமானத்தில் இடம் மிச்சம் ஆகும், ஏற்றுகிறவருக்குக் கணக்கு அழகாக இருக்கும். குவைத்தில் பிரித்து, ஐந்து பிரிவுக்கு ஐந்தாக அடுக்கி, ஐந்து லாரி பிடிக்க வேண்டும். அங்கே அதற்கு ஆள் இல்லை. ஏற்றுகிற முனையில் மிச்சம் பிடித்த நேரத்தை இறக்குகிற முனையில் பத்து மடங்காகக் கொடுக்கிறோம், எங்கள் தொழிலிலும் தினசரி நடக்கிற அநியாயம் இது. அதே நேரத்தில் முன்னால் டேங்க் டிராக் ஷூ இல்லை, டயர் இல்லை, சில மரைன் பிரிவுகளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்.

வான்நோக்கி:

இதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்று, தகவல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றினால் பலன் இல்லை. 1982 ஃபாக்லாந்து போரில் மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் என்ற பிரிட்டிஷ் சப்ளைக் கப்பலை எக்சோசெட் ஏவுகணை தாக்கியபோது மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் அதோடு போயின. அப்போது வானத்தில் இருந்த ஒரே ஒரு சினூக் மட்டும் மிஞ்சியது. படைவீரர்களுக்கான கூடாரங்களும் போயின. என்ன போயிற்று என்ற விவரம் பிரிட்டிஷாருக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, சுமைகளைத் தூக்கிக்கொண்டு காலாட்படை ஈர நிலத்தில் நடந்தது. ஆகவே தகவல் வேண்டும், சிதறடித்து வைக்கவும் வேண்டும்.

தென்பெண்ணை:

இரண்டு கேள்வி. 2003-க்குப் பிறகு அமெரிக்கர்கள் என்ன மாற்றினார்கள்? அப்புறம், அந்த இராக் போரில் 120 கோடி டாலர் சரக்கு தொலைந்துபோனது என்று எங்கோ படித்தேன், அது உண்மையா?

கரிசல்மண்:

முதல் கேள்விக்கு. 2003 இறுதியிலேயே அமெரிக்கத் தரைப்படையின் தளவாடத் தலைமை, சப்ளை ஆட்களைத் தொடர்பு வலையில் இணைப்பதைத் தன் முதல் வேலையாக அறிவித்தது. அப்போது அந்தப் பொறுப்பில் இருந்த ஜெனரல் கிளாட் கிறிஸ்டியன்சன் அதே போரில் குவைத்தில் தளவாடத்தைப் பார்த்தவர், அதனால் இந்த வலி அவருக்கு நேரடியாகத் தெரியும். செய்தது எளிமையான காரியம்: சப்ளைப் பிரிவுகளுக்குச் சொந்தமாக வி-சாட் தட்டு (செயற்கைக்கோளோடு பேசும் சின்ன ஆன்டெனா), அதோடு ஒரு சின்ன கம்பியில்லா வலை. வண்டியிலிருந்து இறக்கி, செயற்கைக்கோளைப் பிடித்து, ஸ்டோர் கணினியை இணைத்தால் கோரிக்கை போய்விடும், சிக்னல் பிரிவின் டவருக்காகக் காத்திருக்க வேண்டாம். வாங்குவதற்கு ராணுவத் தரத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, சந்தையில் இருந்த சாமான். லாரிகளில் இடம் காட்டும், செய்தி அனுப்பும் கருவியின் எண்ணிக்கையும் கூடியது. சரக்குப் பெட்டிகளில் ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்ட வேண்டும் என்று 2005 ஜனவரியிலிருந்து சப்ளையர்களுக்கும் படிப்படியாக விதி வந்தது.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று உண்டு. இந்தத் தட்டு 2002-லும் சந்தையில் கிடைத்தது. வாங்கியிருக்கலாம். சப்ளைப் பிரிவு என்பதால் வரிசையில் கடைசியில் நின்றது, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003 டிசம்பரில் சொன்ன எண் அது. தொலைந்தது என்று அறிக்கை சொல்லவில்லை. போர்முனையில் உள்ள தரைப்படைப் பிரிவுகளுக்கு அனுப்பியதாக இருந்த கணக்குக்கும், வந்து சேர்ந்ததாக அந்தப் பிரிவுகள் ஒப்புக்கொண்ட கணக்குக்கும் இடையில் 120 கோடி டாலர் வித்தியாசம். அதில் எவ்வளவு உண்மையிலேயே காணாமல் போனது, எவ்வளவு வந்து சேர்ந்தும் "வந்தது" என்று திரும்பச் சொல்ல வழியில்லாமல் நின்றது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால், பெட்டியை வாங்கிய ஆளிடம் அன்றைக்கே ஒரு இணைப்பு இருந்திருக்க வேண்டும்.

ஏ.எஸ்.சி_வேலூர்:

எங்கள் ஊரில் இதற்கு ரசீது வவுச்சர். மூன்று காப்பி. வண்டி திரும்பி வரும்போது ஒரு காப்பி டிரைவர் கையில் கீழே வரும், அது வரும்வரை டிப்போ கணக்கில் சாமான் வழியிலேயே இருக்கும். கணவாய் மூடிவிட்டால் வண்டி மேலேயே நிற்கும், வவுச்சரும் அதோடு நிற்கும். பெட்டி வந்து சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டே முடித்திருப்பார்கள், கீழே புத்தகத்தில் இன்னும் வழியில்தான். கரிசல் சொன்ன வித்தியாசம் எப்படி வருகிறது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. அடுத்த வாரம் நேரம் கிடைத்தால் டிப்போ பக்கத்து வேலையைத் தனியாக எழுதுகிறேன்.